பழைய வருடக் கணக்கை வரித்துறை எதுவரை கிளறலாம்?

ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததும் எல்லோருடைய கண்ணும் தொகைக்குத்தான் போகும். அதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: எந்த நிதியாண்டுக்கான நோட்டீஸ், எந்தத் தேதியில் வெளியானது. கேட்கும் வரி சரியா தவறா என்பது அப்புறம். கேட்பதற்கே காலம் இருக்கிறதா என்பது இந்த இரண்டிலேயே தெரிந்துவிடும்.

பலர் மார்ச் 31-இலிருந்து எண்ணிவிட்டு, காலம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு. அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன், அதாவது ஜிஎஸ்டிஆர்-9, தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். நீங்கள் தாக்கல் செய்த நாள் கணக்கில் வராது. 2 கோடி ரூபாய்க்குள் விற்றுமுதல் என்பதால் உங்களுக்கு ஆண்டு ரிட்டர்னிலிருந்து விலக்கு இருந்தாலும் எண்ணுவது அந்தக் கடைசி நாளிலிருந்தே.

2022-23ஐ எடுத்துக்கொள்வோம். அதன் ஆண்டு ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 2023 டிசம்பர் 31. மோசடி எதுவும் இல்லாமல் வரி குறைந்திருந்தாலோ, இன்புட் கிரெடிட் (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) தவறாக எடுத்திருந்தாலோ ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 73 பொருந்தும். இவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று அதிகாரி முடிவுசெய்யும் ஆணை 3 ஆண்டுக்குள், அதாவது 2026 டிசம்பர் 31-க்குள் வர வேண்டும். நோட்டீஸ் அதற்கு 3 மாதம் முன்பே வந்திருக்க வேண்டும். மோசடி, வேண்டுமென்றே மறைத்தல் என்று குற்றம் சாட்டினால் பிரிவு 74. அதற்கு 5 ஆண்டு, நோட்டீஸ் 6 மாதம் முன்பே. அபராதமும் 10 சதவீதத்திலிருந்து 100 சதவீதத்துக்குப் போய்விடும்.

அதனால் பிரிவு 74 என்று போட்டு வந்தால், நீங்கள் எதை மறைத்தீர்கள் என்று நோட்டீஸில் எழுதியிருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். 73-க்கான காலம் போன பிறகு 74-இல் நோட்டீஸ் அனுப்பி, மோசடி நிரூபிக்கப்படவில்லை என்று மேல்முறையீட்டில் முடிவானால், அந்த நடவடிக்கையை முழுவதும் கைவிட வேண்டும் என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 டிசம்பர் சுற்றறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. சிறு வியாபாரிகள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய சுற்றறிக்கை இது.

2024-25 முதல் கணக்கு மாறுகிறது. புதிய பிரிவு 74ஏ-வின்படி மோசடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே கெடு: ஆண்டு ரிட்டர்னின் கடைசி நாளிலிருந்து 42 மாதத்துக்குள் நோட்டீஸ், நோட்டீஸிலிருந்து 12 மாதத்துக்குள் ஆணை. உயரதிகாரி அனுமதித்தால் ஆணைக்கு இன்னும் 6 மாதம் கூடும். அபராத வித்தியாசம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆணைக்கான கெடு தாண்டினால் நடவடிக்கை முடிந்ததாகவே கொள்ள வேண்டும் என்று பிரிவு 75(10) சொல்கிறது. ஆனால் வாய் திறக்காமல் இருந்தால் யாரும் நமக்காக அதை எடுத்துச் சொல்லமாட்டார்கள். பதில் கடிதத்தின் முதல் பத்தியிலேயே தேதிகளோடு எழுதுங்கள். நீதிமன்றத் தடை இருந்த நாட்களைக் கழித்துத்தான் எண்ண வேண்டும். 2017-18, 2018-19, 2019-20 ஆகிய மூன்று வருடங்களுக்குப் பிரிவு 73-இன் கெடுவை அறிவிக்கை மூலம் நீட்டித்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கெடு நமக்கும் உண்டு. ஆணையில் பார்த்தவுடனே தெரிகிற பிழை இருந்தால் 3 மாதத்துக்குள் பிரிவு 161-இல் திருத்த மனு போடலாம். ஒரே ரிட்டர்னை இரண்டு முறை கூட்டியது, கட்டிய சலானை விட்டுவிட்டது போன்றவை இதற்குப் பொருந்தும். அதிகாரி 6 மாதத்துக்குள் திருத்த வேண்டும். வெறும் எழுத்துப் பிழை, கூட்டல் பிழைக்கு அந்த 6 மாத வரம்பு இல்லை. திருத்தத்தால் உங்களுக்குப் பாதகம் வருமானால் உங்களைக் கேட்காமல் திருத்தக் கூடாது. திருத்த மனுவை மட்டும் நம்பி மேல்முறையீட்டை விட்டுவிடாதீர்கள். அதற்கு ஆணை கிடைத்த நாளிலிருந்து 3 மாதம்தான். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம்.

நாள் தவறிப்போவதற்கு முக்கியக் காரணம் ஜிஎஸ்டி இணையதளமான போர்ட்டல். அங்கே ஏற்றிவிட்டாலே நோட்டீஸ் கொடுத்த முறைகளில் ஒன்றாகச் சட்டம் ஏற்கிறது. 'கூடுதல் நோட்டீஸ்கள், ஆணைகள்' பகுதியை மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

பெட்ரோல், டீசல், மது ஆகியவை இன்னும் ஜிஎஸ்டிக்குள் வராமல் மாநில வாட் (மதிப்புக் கூட்டு) வரியில்தான் இருக்கின்றன. தமிழ்நாடு வாட் சட்டத்தின் பிரிவு 27-இல் விடுபட்ட விற்றுமுதலை மறுமதிப்பீடு செய்ய, மதிப்பீட்டு நாளிலிருந்து 6 ஆண்டு அவகாசம் உண்டு.

சரி, பில்களை எதுவரை வைத்திருக்க வேண்டும்? ஜிஎஸ்டியில் ஆண்டு ரிட்டர்னின் கடைசி நாளிலிருந்து 72 மாதம். 2022-23 என்றால் 2029 டிசம்பர் 31 வரை. அந்த வருடத்தின் மீது மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால், அது முடிந்து ஒரு வருடம் ஆகும்வரை, எது பிந்தியதோ அதுவரை.