காலர் மாட்ட ஐந்து விநாடி கூட ஆகாது

இந்த மாதமும் ஒரு விசாரணைக் கோப்பு வந்திருக்கிறது. லைன் பிளாக் (ஒரு பாதையில் ரயில் விடாமல் நிறுத்துவது) கொடுத்துவிட்டு, சிக்னல் பேனலில் பட்டன் காலர் மாட்டவில்லை. காலர் என்பது, அந்தப் பாதை அடைபட்டிருக்கிறது என்று நினைவூட்ட பட்டனிலோ லிவரிலோ மாட்டும் வளையம். ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டால் "எனக்குத்தான் ஞாபகம் இருந்ததே சார்" என்கிறார். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

இங்கிலாந்தில் செட்டில்–கார்லைல் மலைப்பாதையில் ஹாஸ் ஜங்ஷன் என்று ஒரு ஸ்டேஷன், இன்றைய பெயர் கார்ஸ்டேல். மேடேற உதவிய கூடுதல் என்ஜின்களை அங்கேதான் கழற்றுவார்கள். டர்ன்டேபிளில் திருப்பிவிட்டு (அங்கே அடிக்கும் காற்றுக்கு அதைச் சுற்றிப் பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நட்டு வேலியே போட்டிருந்தார்கள்), அவை ஊர் திரும்ப சிக்னலுக்குக் காத்து நிற்கும். 1910 டிசம்பர் 24 அதிகாலை, மழை, இருட்டு. பெட்டி இல்லாமல் தனியாகப் போகும் இரண்டு என்ஜின்களை (லைட் என்ஜின்) அட்வான்ஸ்ட் ஸ்டார்ட்டர், அதாவது ஸ்டேஷனை விட்டு வெளியேறும் கடைசி சிக்னல் வரை நகர்த்திவிட்ட சிக்னல்மேன், மற்ற என்ஜின்களோடு மல்லுக்கட்டியதில் இவற்றை மறந்தே போனார். சுமார் 20 நிமிடம் கழித்து, பின்னால் வந்த ஸ்காட்லாந்து எக்ஸ்பிரஸுக்கு சிக்னல் கொடுத்தார். அது தங்களுக்குத்தான் என்று என்ஜின்கள் கிளம்பின. எக்ஸ்பிரஸ் துரத்திப் பிடித்து மோதியது, பெட்டிகளின் விளக்கு எரிவாயு பற்றிக்கொண்டது, 12 பேர் இறந்தார்கள்.

இதைச் சொன்னதும் வகுப்பில் யாராவது ஒருவர் "அலட்சியம் சார், தூங்கியிருப்பார்" என்பார். ஐயா, தூங்கவில்லை! வேலை அதிகம் இருந்ததால்தான் மறந்தார். மறதி சோம்பேறிக்குத்தான் வரும், நமக்கு வராது என்ற இந்த நினைப்புதான் ஆபத்து. நம்பிக்கை வரவில்லையா, 1915 மே மாதம் ஸ்காட்லாந்தின் குவின்டின்ஷில்லைப் பாருங்கள். எந்த லோக்கலில் வந்து இறங்கி டியூட்டி ஏற்றாரோ, அந்த லோக்கலையே சிக்னல்மேன் மறந்தார், அதுவும் நல்ல பகல் வெளிச்சத்தில், சிக்னல் கேபின் எதிரிலேயே அது நின்றுகொண்டிருக்கும்போது. ராணுவ வீரர்கள் வந்த ரயில் அதில் மோதி, 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சிக்னல் லிவரில் மாட்ட வேண்டிய காலர் கேபினிலேயே கிடந்தது. டியூட்டி மாற்றிக்கொண்ட இரண்டு சிக்னல்மேன்களும் சிறைக்குப் போனார்கள், சரி, அதனால் செத்தவர் யார் எழுந்து வந்தார்?

லைன் அடைபட்டால் முதலில் காலர், அப்புறம்தான் பேனா, போன், டீ எல்லாம். ட்ராக் சர்க்யூட் (தண்டவாளத்தில் ரயில் நிற்பதைக் காட்டும் மின்சுற்று) பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், அது ஃபெயில் ஆகும் நாளில் உங்கள் கையில் இருப்பது காலர் மட்டுமே.

லோகோ பைலட் தம்பிகளே, சிக்னலில் காரணமில்லாமல் நிற்க வைத்தால் வாயை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். ஹாஸில் கேபினுக்கு ஆள் அனுப்பாமலே நின்றார்கள். குவின்டின்ஷில்லில் லோக்கலின் ஃபயர்மேன் கேபினுக்குப் போனார்தான், ஆனால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, லிவரில் காலர் இருக்கிறதா என்று பார்க்காமல் இறங்கிவிட்டார். கேட்டுவிட்டு வாருங்கள். ஸ்டேஷன் மாஸ்டர் எரிச்சல்பட்டால் படட்டும்.