காய்ந்து கிடக்கும் ஈரநிலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

மே மாத வெயிலில், வெடித்துக் கிடக்கிற ஒரு பொட்டலில் நின்றுகொண்டு "இது ஈரநிலம்" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆடு மேய்கிறது, பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள், ஓரத்தில் யாரோ மனைக்கல்கூட ஊன்றியிருக்கிறார்கள். சரி, ஒரு மண்வெட்டி எடுத்து ஓர் அடி தோண்டி, கிடைக்கிற கட்டியைக் கையால் உடைத்துப் பாருங்கள். மேலே நாலு விரல் அளவுக்கு வழக்கமான பழுப்பு. அதற்குக் கீழே சாம்பல் நிறம், சில இடங்களில் லேசாகப் பச்சையோ நீலமோ கலந்த சாம்பல். அந்தச் சாம்பலுக்கு நடுவே, பழைய கோரை வேர் போன வழியெல்லாம் துருப்பிடித்த கம்பி மாதிரி ஆரஞ்சுக் கோடுகள். கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தால் அழுகின முட்டை வாடையும் வரும். இந்த இடத்தில் வருஷா வருஷம் தண்ணீர் நின்றிருக்கிறது என்பதற்கு அந்த ஒரு கட்டியே போதுமான சாட்சி.

எப்படி என்றால், மண்ணுக்குச் சிவப்பையும் பழுப்பையும் தருவது பெரும்பாலும் இரும்புதான். மண்துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சு மாதிரி படிந்திருக்கும். மண்ணுக்குள் இருக்கிற நுண்ணுயிரிகள் நம்மைப் போலவே ஆக்சிஜன் வைத்துத்தான் பிழைக்கின்றன. ஆனால் தண்ணீர் நிரம்பிய மண்ணில் ஆக்சிஜன் உள்ளே போகிற வேகம் காற்றில் போவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. இருக்கிற ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். அப்புறம் அவை ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைப் பிடிக்கும், பிறகு மாங்கனீசு, அதற்கடுத்து இரும்பு. இரும்பின் முறை வரும்போது துருவாக இருந்தது தண்ணீரில் கரைகிற வடிவத்துக்கு மாறி நகர்ந்து போய்விடுகிறது. பூச்சு போன சுவர் மாதிரி மண்துகளின் சொந்தச் சாம்பல் நிறம் வெளியே தெரிகிறது. இன்னும் நீண்ட நாள் தண்ணீர் நின்றால் சல்பேட்டின் முறை, அங்கேதான் அழுகின முட்டை வாடை பிறக்கிறது. எல்லாவற்றுக்கும் கடைசியில் மீத்தேன். கோடையில் தண்ணீர் இறங்கியதும் வேர் போன துளைகள் வழியாகக் காற்று உள்ளே நுழையும். கரைந்திருந்த இரும்பு அந்த ஓரங்களில் மறுபடி துருவாகப் படியும். அந்த ஆரஞ்சுக் கோடுகளின் கதை இவ்வளவுதான்.

இந்த நிறத்தைக் கண்ணால் பார்த்து "சாம்பல்" என்று எழுதினால் ஒருவர் சாம்பல் இன்னொருவருக்குப் பழுப்பு. அதனால் மண் ஆய்வாளர்கள் மன்செல் நிற அட்டை என்ற புத்தகத்தை வைத்துக்கொண்டு, பட்டுப்புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி தேடுகிற மாதிரி, மண்கட்டியை ஒவ்வொரு சதுரத்தோடும் ஒட்டிவைத்துப் பார்ப்பார்கள். நிறத்தின் அடர்த்தி எண் (நிறம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதன் அளவு, சாம்பலுக்கும் கறுப்புக்கும் குறைவாக வரும்) 2 அல்லது அதற்குக் கீழே, கூடவே துருப் புள்ளிகள் என்றால் சந்தேகம் வலுக்கிறது. இதிலும் பொறி உண்டு. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் மண் தண்ணீரே நிற்காவிட்டாலும் இயல்பிலேயே கறுப்பு, அடர்த்தி எண் குறைவாகத்தான் வரும். நல்ல செம்மண்ணில் இதற்கு நேர்மாறு: எவ்வளவு நாள் தண்ணீர் நின்றாலும் அந்தச் சிவப்பு லேசில் விட்டுக்கொடுக்காது.

இப்படி இடம் இடமாகக் குழி தோண்டி எழுதியதைத் தொகுத்தால் மண் வரைபடம். இந்தியாவில் இந்த வேலையைச் செய்கிற முக்கியமான அமைப்பு நாக்பூரில் இருக்கிற தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப்பயன்பாட்டுத் திட்ட நிறுவனம். ஆனால் ஒவ்வொரு ஏக்கரிலும் யாரும் குழி தோண்டுவதில்லை. சில குழிகளைத் தோண்டி, நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் செடிகொடியையும் பார்த்து, நடுவே உள்ளதை அனுபவத்தால் நிரப்புகிறார்கள். ஆகவே வரைபடத்தில் ஒரே நிறத்தில் இருக்கிற பகுதிக்குள் வேறு வகை மண் திட்டுத்திட்டாக ஒளிந்திருக்கும். 1:50,000 அளவு வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். பேனா முனை தடிமனிலேயே ஒரு குட்டை காணாமல் போகும்.

அடுத்து தண்ணீர் வரைபடம். இதைச் செயற்கைக்கோள் தருகிறது, அடிப்படை ரொம்ப எளிது. தண்ணீர் பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை அநேகமாக விழுங்கிவிடும். 1996-இல் மெக்ஃபீட்டர்ஸ் என்பவர் இதை ஒரு சின்னக் கணக்காக்கினார்: பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழி, இரண்டையும் கூட்டி வந்ததால் வகு. உதாரணத்துக்கு ஒரு பிக்சலில் பச்சை 0.08, அகச்சிவப்பு 0.03 என்றால் விடை சுமார் 0.45. பூஜ்யத்துக்கு மேலே, ஆகவே தண்ணீர். அதே ஏரியை ஆகாயத்தாமரை மூடியிருந்தால்? இலைகள் அகச்சிவப்பை வாரி இறைக்கும், அது 0.40-க்குப் போய்விடும், விடை மைனஸ் 0.67. அடியில் ஆள் முழுகுகிற ஆழத்துக்குத் தண்ணீர், கணக்கோ தோட்டம் என்கிறது. நம்மூர் ஏரிகள் இருக்கிற லட்சணத்துக்கு இது சின்னப் பிழை இல்லை.

இன்னொரு சிக்கல் தேதி. ஏப்ரலில் எடுத்த படம் ஒரு கதை சொல்லும், டிசம்பர் படம் வேறு கதை. அதனால்தான் அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் தேசிய ஈரநில அட்லஸ் தயாரித்தபோது (2011-இல் வெளிவந்தது) மழைக்கு முன், மழைக்குப் பின் என இரண்டு பருவப் படங்களை ஒப்பிட்டார்கள். அவர்கள் எல்லை வரைந்து காட்டிய மிகச்சிறிய பரப்பு 2.25 ஹெக்டேர், அதாவது சுமார் ஐந்தரை ஏக்கர். அதைவிடச் சிறியவை வெறும் புள்ளிகள். அப்படிப் புள்ளியாகப் போனவை மட்டும் ஐந்தரை லட்சத்துக்கு மேல்! ஊருணியும் குட்டையும் தாங்கலும் பெரும்பாலும் அந்தப் புள்ளிகளுக்குள்தான் இருக்கின்றன.

வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் நிற்கிற அதே நாட்களில் வானம் முழுக்க மேகம், சாதாரணக் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே கைகொடுப்பது ரேடார். 2014-இல் ஏவிய சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். அலையில்லாத தண்ணீர் ரேடார் அலையைக் கண்ணாடி மாதிரி வேறு பக்கம் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். காற்றடித்துச் சலசலத்தால் தண்ணீர் தரை மாதிரித் தெரியும். விமான ஓடுபாதை தண்ணீர் மாதிரித் தெரியும்! 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோளில் இருக்கிற நீண்ட அலைநீள ரேடார் மர இலைகளையும் கடந்து கீழே போகும். அலை தண்ணீரில் பட்டு, அடிமரத்தில் பட்டுத் திரும்பி வருவதால் மரங்களுக்குக் கீழே வெள்ளம் நிற்கிற காடு அதில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. மண் வரைபடத்தையும் தண்ணீர் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இரண்டும் "ஆமாம்" என்கிற இடத்தில் பெரிய ஆச்சரியம் இல்லை. அது அநேகமாக ஊருக்கே தெரிந்த ஏரி. இரண்டும் சண்டை போடுகிற இடம்தான் விஷயம். தண்ணீர் இருக்கிறது, மண்ணில் அடையாளம் இல்லை என்றால் புதிதாகத் தோண்டின செங்கல் சூளைப் பள்ளமாக இருக்கலாம், அல்லது ரோடு உயர்த்தினதால் வடிய வழியில்லாமல் போன பழைய தரையாக இருக்கலாம். மண்ணில் அடையாளம் இருக்கிறது, தண்ணீர் இல்லை என்றால் அங்கேதான் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். நீரை வடித்துவிட்ட பிறகும் அந்தச் சாம்பல் நிறம் பல தலைமுறைக்கு மாறாமல் இருக்கும். அதாவது மண் சொல்வது இறந்தகாலமாகவும் இருக்கலாம், நிகழ்காலமாகவும் இருக்கலாம். எது என்பதை மண்ணே சொல்லாது.

நெல்வயல் இதில் தனித் தலைவலி. வருஷத்தில் பல மாதம் தண்ணீர் கட்டுகிறோமே, அதனால் வயல் மண்ணும் அதே சாம்பல், அதே துருக்கோடு. மண்ணைப் பார்த்தாலும் ஏமாறலாம், ஒரே ஒரு படத்தைப் பார்த்தாலும் ஏமாறலாம். வருஷம் முழுவதும் தொடர்ந்து பார்த்தால்தான் பிடிபடும்: வயல் தண்ணீராகத் தொடங்கி, மளமளவென்று பச்சையாகி, அறுவடை அன்று திடீரென்று சரியும். சம்பும் கோரையும் வளர்ந்த சதுப்பில் அந்தச் சரிவு இருக்காது, மெதுவாக வாடும். மத்திய அரசின் 2017 ஈரநில விதிகள் நெல்வயலையும் பாசனத்துக்கென்று வெட்டிய நீர்நிலையையும் ஈரநிலக் கணக்கிலிருந்து விலக்கியிருக்கின்றன. ஆகவே இந்தப் பிரிவினை ஆய்வாளருக்கு மட்டுமல்ல, நிலத்துக்குச் சொந்தக்காரருக்கும் முக்கியம். ஏரிகளை இப்படி ஒரே வரியில் வெளியே தள்ளியது எனக்கு உடன்பாடில்லை, தமிழ்நாட்டில் பறவை இறங்குகிற இடங்களில் பாதி பாசன ஏரிதானே?

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீரெல்லாம் அங்கே தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் முகத்துவாரத்துக்கும் போகும். 2007-இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடு ஆனது, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, சுமார் 1,247 ஹெக்டேர். ஆனால் ராம்சார் எல்லைக்கோடு வேறு, சதுப்பின் எல்லை வேறு. பழைய காலத்தில் கழுவெளி என்று சொன்ன அந்தப் பரப்பின் பெரும்பகுதி இன்று கான்கிரீட்டுக்கு அடியில் இருக்கிறது. செயற்கைக்கோள் அங்கே பார்ப்பது மொட்டைமாடியை. உயர வரைபடத்தை நம்பலாம் என்றால், 2000-இல் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்தது கட்டடத்தின் உச்சியையும் தரை என்றே எழுதிவைத்திருக்கிறது. அரை மீட்டர் பள்ளம் யார் வீட்டுக்குள் தண்ணீர் புகும் என்று தீர்மானிக்கிற தட்டையான ஊர் அது, அளவீட்டுப் பிழையோ சில மீட்டர். இப்படிப்பட்ட இடத்தில் இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்களில் சதுப்புக்குப் போட்டிருக்கிற நீலக் குறிகள்தான் புது செயற்கைக்கோளைவிட அதிகம் சொல்லும் என்பது என் கட்சி.

கடைசியில் எந்த வரைபடமானாலும் ஒருவர் காலில் சேறு பட நடந்து சரிபார்த்தாக வேண்டும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1987-இல் போட்ட கையேடு தண்ணீர், மண், செடி மூன்றுக்கும் அடையாளம் கேட்கிறது. செடியை மேலிருந்து பார்த்து இனம் பிரிப்பது இன்னும் கஷ்டம்தான். தென்சென்னையில் மனை பார்த்துக்கொண்டிருந்த என் நண்பனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தள்ளிப் பார், 2015 டிசம்பருக்கு அடுத்து வந்த தெளிவான படத்தில் நிறுத்து, அப்புறம் நேரில் போய் மூலையில் ஓர் அடி தோண்டு. போனான். முதலில் வந்தது கட்டட இடிபாடு, அதற்கடியில் கிராவல், அதற்கும் அடியில்தான் சாம்பல் களிமண். ஓர் அடி போதவில்லை, மூன்று அடி ஆனது.