நாற்பது அடிக்கு ஒரு குடம்

பொறியியல் கல்லூரிகளில் கடைசி வருடம் டிசைன் ப்ராஜெக்ட் என்று ஒன்று உண்டு. மேசைமேல் ஒரு மாடல், பக்கத்தில் பைண்டு செய்த அறிக்கை. தேர்வாளர் வந்து நிற்கும் ஐந்து நிமிடம் அது ஓடிவிட்டால் போதும். மறுநாள் ஓடுமா, ரிப்பேரானால் யார் பார்ப்பது என்று யாரும் கேட்பதில்லை. அந்த இரண்டு கேள்விகளையும் முதலிலேயே கேட்டுவிட்டு வரையத் தொடங்குவதைத்தான் நான் வடிவமைப்புத் திட்டம் என்பேன். உதாரணம் கேட்டால் தெருமுனை அடிபம்பைக் காட்டுவேன்.

1967-ல் பீகாரில் கடும் வறட்சி. அதையடுத்து யுனிசெஃப் உதவியுடன் பாறையைத் துளைக்கும் ரிக் வண்டிகள் இந்தியாவுக்கு வந்தன. கிணறு வற்றிய ஊர்களிலும் போர் போட்டுத் தண்ணீர் எடுக்க முடிந்தது. சரி, போருக்கு மேலே எந்தப் பம்பை வைப்பது? அப்போது கிடைத்தது வார்ப்பிரும்புப் பம்பு. மேலைநாட்டுப் பண்ணை வீடுகளில் ஒரு குடும்பம் நாலு வாளி அடித்துக்கொள்வதற்கென்று செய்ததன் நகல் அது. இங்கே விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை ஊரே அதை அடித்தது. 1970களின் நடுவில் கணக்கெடுத்துப் பார்த்தால் முக்கால்வாசிப் பம்புகள் ஓடவில்லை.

தண்ணீரை மேலே கொண்டுவருவது பழைய பம்புக்கும் தெரிந்த வேலைதான். அதனால் புதுப் பம்புக்கு வைத்த நிபந்தனைகள் வேறு மாதிரி இருந்தன: ஊரே அடித்தாலும் ஒரு வருடம் பழுதாகக் கூடாது, சிறுபிள்ளையும் அடிக்க முடியவேண்டும், உள்ளூர்ப் பட்டறையில் மலிவாகச் செய்ய வரவேண்டும். மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பக்கம் கிறிஸ்தவ மிஷன் பட்டறைகளில் ஏற்கெனவே எஃகை வெல்டிங் செய்து உறுதியான பம்புகளைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்தச் சோலாப்பூர் பம்பையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடித்தே தீருவேன் என்று கிளம்பாததே பாதி வெற்றி. சென்னையில் இருந்த அரசு நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் மாதிரிப் பம்புகளைச் செய்தது. கோவை வட்டாரத்தில் ஊர்மக்கள் அடித்து அடித்துச் சோதித்தார்கள். இந்தியா மார்க் 2 அப்படி வந்ததுதான்.

அதன் தலைப்பெட்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சங்கிலி தெரியும். சைக்கிள் செயின்போல, அதைவிடத் தடிமனாக. பழைய பம்பில் கைப்பிடியையும் கீழே இறங்கும் கம்பியையும் ஒரு பின் போட்டு நேராக இணைத்திருப்பார்கள். கைப்பிடியின் நுனி வளைவாகத்தான் போய்வரும். கம்பியும் கூடவே முன்னும் பின்னும் ஆடும், பின் தேயும், துளை நீளமாகும், ஒருநாள் கழன்றுவிடும். மார்க் 2-ல் கைப்பிடியின் நுனி கால்வட்டமாக இருக்கிறது. அந்த வளைவின்மேல் சங்கிலி படிந்து தொங்குவதால், கைப்பிடி எந்தக் கோணத்தில் இருந்தாலும் கம்பி ஒரே நேர்கோட்டில் ஏறி இறங்கும்.

வீடுகளில் இருக்கும் சின்னப் பம்புக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அடித்தால்தான் உயிர் வரும். அது காற்றழுத்தத்தை நம்பி உறிஞ்சுவது. நடைமுறையில் ஏழு மீட்டர் ஆழத்துக்குமேல் உதவாது. மார்க் 2-ல் சிலிண்டரே தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது, பிஸ்டன் தண்ணீரைச் சுமந்து தூக்குகிறது. சிலிண்டரின் விட்டம் 63.5 மில்லிமீட்டர். தண்ணீர் 30 மீட்டர் ஆழத்தில் இருந்தால் பிஸ்டனின் தலையில் ஏறக்குறைய 95 கிலோ பாரம் இருக்கும். கைப்பிடி எட்டுக்கு ஒன்று என்ற நெம்புகோல் ஆனதால் கைக்கு வருவது 12 கிலோ. கம்பியின் எடை? அதற்கு ஈடு கொடுக்கத்தான் கைப்பிடி அத்தனை கனமான எஃகுத் தண்டாக இருக்கிறது. கைப்பிடியை ஒருமுறை அடித்தால் பிஸ்டன் 125 மில்லிமீட்டர் ஏறும், 400 மில்லி தண்ணீர் வரும். நாற்பது அடி அடித்தால் 16 லிட்டர், ஒரு குடம் தாராளமாக நிரம்பும்.

சங்கிலியால் இழுக்க முடியும், தள்ள முடியாது. பிஸ்டன் கம்பியின் எடையால் தானாகத்தான் இறங்கவேண்டும். ஆழம் குறைந்த போரில் கம்பி நீளமும் எடையும் குறைவு, பிஸ்டன் சட்டென்று இறங்காது, கைப்பிடி உதறும். ஆழத்துக்கென்று செய்த தீர்வுக்கு இப்படி ஒரு விலை.

வரைபடத்தோடு வேலை முடியவில்லை. 1979-ல் ஐஎஸ் 9301 என்ற இந்தியத் தர நிர்ணயம் வந்தது. அளவுகள் ஒன்றாகிவிட்டதால் ஒரு பட்டறையின் பேரிங் இன்னொரு பட்டறையின் பம்பில் பொருந்தியது. இந்த வடிவத்துக்குக் காப்புரிமைத் தடையும் இல்லை, யாரும் செய்யலாம். சங்கிலியைவிட இந்த இரண்டும்தான் பம்பை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தன என்று நினைக்கிறேன்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. சிலிண்டருக்குள் இருக்கும் தோல் வாஷர் தேயும். பிஸ்டன் 63.5 மில்லிமீட்டர், மேலே வரும் குழாயோ 32 மில்லிமீட்டர். அந்தச் சின்ன வாஷருக்காக மொத்தக் குழாயையும் உருவவேண்டும். வேன், குழாயைத் தூக்கும் முக்காலி, நாலு ஆள் வராமல் ஆகாது, அதற்குள் வாரக்கணக்கில் பம்பு சும்மா நிற்கும். 1980களில் மறுபடி கோவைப் பக்கமே சோதனை நடந்தது. தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் போட்டதும் வாஷர் கூடுதல் காலம் தாங்கியது. குழாயை 65 மில்லிமீட்டராக்கி, அதன் வழியாகவே பிஸ்டனை மேலே இழுக்கும்படி செய்தார்கள். அதுதான் மார்க் 3. ஊரிலேயே ஒருவர் கழற்றி மாட்டலாம். ஆனால் குழாய் கனம், விலையும் கூட. எது மேல் என்று கேட்டால், வேன் வந்துசேர எத்தனை நாளாகும் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அப்புறம் இந்தப் பம்பு ஆப்பிரிக்காவுக்குப் போனது. உகாண்டாவில் அதன் பெயரே யு2. மேற்கு ஆப்பிரிக்காவில் பல இடங்களில் நிலத்தடி நீரில் அமிலத்தன்மை கூடுதல். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அந்த நீர் அரித்தது, தண்ணீர் செம்மண் நிறத்தில் துரு வாடையோடு வந்தது. பம்பு நன்றாகத்தான் ஓடியது, ஆனால் ஜனங்கள் பழைய குட்டைக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே துருப்பிடிக்காத எஃகிலோ பிளாஸ்டிக்கிலோ குழாய் போடவேண்டியிருந்தது.