தெருவைச் சுவரிலிருந்து வரைய வேண்டும்

சில வருடங்களுக்கு முன் ஒரு மாவட்டத் தலைநகரில் கடைவீதி ஒன்றைச் சீரமைத்தோம். இரண்டு பக்கமும் புது நடைபாதை, டைல்ஸ் எல்லாம் போட்டாயிற்று. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், காய்கறிப் பையோடு ஒரு அம்மா நடைபாதையை ஒட்டித் தார் ரோட்டிலேயே நடந்துகொண்டிருந்தார்.

"மேல ஏறி நடக்கலாமேம்மா, பஸ் வருதே?"

"முழங்கால் வலி தம்பி. வாசலுக்கு வாசல் ஏறி இறங்க முடியல."

டேப்பை வைத்து அளந்தேன். விளிம்பின் உயரம் 30 சென்டிமீட்டர். கீழே ஓடும் மழைநீர் வடிகாலின் மூடிதான் நடைபாதை. வடிகாலின் மட்டத்தை ஒருவர் முடிவு செய்தார், சாலையின் மட்டத்தை இன்னொருவர். இரண்டையும் ஒரே தாளில் யாரும் வரைந்து பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, வண்டிகள் உள்ளே போக ஒவ்வொரு வாசலிலும் நடைபாதையை வெட்டி இறக்கியிருந்தோம். அந்த வரைபடத்தில் என் கையெழுத்தும் உண்டு. அந்த அம்மாவின் முகம் இன்றும் மறக்கவில்லை.

சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், நடப்பவர் வசதிகளுக்காக 2012இல் வெளியிட்ட ஐஆர்சி 103 வழிகாட்டி, விளிம்பு 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. கம்பம், டிரான்ஸ்பார்மர் எதுவும் குறுக்கிடாமல் குறைந்தது 1.8 மீட்டர் நடக்க விட வேண்டும் என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் விலகிப் போக அந்த அகலம் வேண்டும். வாசல் வந்தாலும் நடைபாதை அதே மட்டத்தில் ஓட வேண்டும். வண்டிதான் சிறு சரிவில் ஏறி, அதைக் கடந்து உள்ளே போக வேண்டும்.

விதி தெரிந்தும் ஏன் தவறுகிறோம்? நாங்கள் தெருவை நடுக்கோட்டிலிருந்து வரையப் பழகியவர்கள். முதலில் வண்டிக்கு இவ்வளவு, பிறகு பார்க்கிங், மிச்சம் மீதி இருந்தால் நடப்பவருக்கு. இதைத் திருப்பிப் போட வேண்டும். சுவருக்குச் சுவர் 15 மீட்டர் உள்ள ஒரு கடைவீதியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுவர்களிலிருந்தும் தலா 2.5 மீட்டர் நடைபாதை. ஒரு பக்கம் 2 மீட்டரில் வண்டி நிறுத்தம், மறுபக்கம் 1.5 மீட்டரில் மரம், மின்கம்பம், பூக்கடை, தள்ளுவண்டி. நடுவில் இன்னும் 6.5 மீட்டர் இருக்கிறது. இரண்டு பஸ்கள் எதிரெதிரே மெதுவாகப் போகலாம்.

"அப்போ வண்டிக்காரன் எங்கே போவான்?" என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். புனலில் எவ்வளவு ஊற்றினாலும் அடித் துளையின் அளவுக்குத்தான் இறங்கும். தெருவும் அப்படியே. ஓரிடத்தில் 10 மீட்டர், அடுத்த கடை முன் நிற்கும் கார்களால் 5 மீட்டர் என்றால், அந்த 5 மீட்டர்தான் நெரிசலை முடிவு செய்கிறது. சீராக ஓடும் 6.5 மீட்டர் ஓட்டுநருக்கும் லாபம். நடப்பவர் எங்கே வருவார் என்பது தெரிவதால் திடீர் பிரேக்கும் குறையும்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டர் கடக்கும். 50இல் வந்தால் கிட்டத்தட்ட 14 மீட்டர். பிரேக்கில் கால் வைப்பதற்கே அந்த ஒரு நொடி போய்விடும். 50இல் மோதினால் அதன் ஆற்றலோ 30இல் மோதுவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. வேக வரம்புப் பலகை வைத்தால் மட்டும் வேகம் குறையாது. தெருமுனையின் வளைவைச் சிறியதாக்கினால் திரும்பும் வண்டி தானாக மெதுவாகும், குறுக்கே கடக்கும் தூரமும் சுருங்கும். கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் அதுவே வேகத்தடை. ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிவிட்டுப் போகும் தார் மேட்டைவிட அது முதுகெலும்புக்கும் நல்லது.

சைக்கிளுக்கு எல்லாத் தெருவிலும் தனிப்பாதை தேவையில்லை. வேகம் 30க்குள் இருந்தால் வண்டிகளோடு சேர்ந்தே போகலாம். 50இல் ஓடும் பெரிய சாலையில் கட்டாயம் தனிப்பாதை வேண்டும், அதுவும் உயர்த்திக் கட்டியதாக. வெறும் பெயின்ட் கோடு போட்டால் மறுநாளே அது கார் நிறுத்தும் இடமாகிவிடும். தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது. அதை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரை பயமில்லாமல் போக வழி கொடுத்திருக்கிறோமா?

2019 நவம்பரில் திறந்த சென்னைப் பாண்டி பஜார் நடைபாதை வளாகத்திலிருந்து சிறிய ஊர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் கிரானைட்டை அல்ல. அங்கே முதலில் தற்காலிகத் தடுப்புகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, நாலு டிரம், கொஞ்சம் கயிறு இருந்தால் எந்தப் பேரூராட்சியும் செய்யலாம். எந்தக் கடைக்குச் சரக்கு வண்டி எப்போது வருகிறது, ஆட்டோ எங்கே நிற்கிறது என்பதெல்லாம் கான்கிரீட் போடும் முன்பே தெரிந்துவிடும்.

உங்கள் தெருவில் வேலை வருகிறது என்று கேள்விப்பட்டால், டெண்டருக்கு முன்பே வார்டு கவுன்சிலரிடம் குறுக்குவெட்டுப் படத்தை, அதாவது தெருவைச் சுவருக்குச் சுவர் வெட்டிக் காட்டும் படத்தைக் கேளுங்கள். விளிம்பின் உயரம், தடையில்லாத நடை அகலம், இந்த இரண்டு எண்களையும் முதலில் பாருங்கள். வாசலில் நடைபாதை இறங்குவதாக வரைந்திருந்தால், அங்கேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். காகிதத்தில் மாற்றுவதற்கு ஒரு நாள் போதும்.