குழந்தை சொல்லாது, நாம்தான் மூடிப் பார்க்க வேண்டும்

அண்ணனுக்குக் கண்ணாடி மாற்ற வந்த குடும்பம் அது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துகளைப் படிப்பதைப் பார்த்த தங்கை, தானும் படிப்பேன் என்று அடம்பிடித்தாள். ஏழு வயது முடிந்திருந்தது. விளையாட்டாகத்தான் உட்கார வைத்தேன். இரண்டு கண்களாலும் பார்த்துக் கடைசி வரிவரை கடகடவென்று படித்தாள். இடக்கண்ணை மூடினேன், அப்போதும் அப்படியே. வலக்கண்ணை மூடியபோது என் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி மூடியதும் தலையைச் சாய்த்து விரலிடுக்கில் எட்டிப் பார்க்க முயன்றாள். இடக்கண்ணால் மேலே இருக்கும் இரண்டு வரிகளுக்குக் கீழ் எதுவும் தெரியவில்லை. பார்வை 6/36. நன்றாகப் பார்ப்பவர் 36 மீட்டரில் படிப்பதை அந்தக் கண்ணால் 6 மீட்டரில்தான் படிக்க முடியும்.

"ஒரு நாளும் கண் தெரியவில்லை என்று சொன்னதே இல்லையே, டாக்டர்" என்றார் அம்மா.

சொல்லியிருக்க முடியாது. நன்றாகப் பார்த்துப் பழகிய பெரியவருக்குப் பார்வை மங்கினால் இழப்பு தெரியும். இந்தச் சிறுமியின் இடக்கண் பிறந்ததிலிருந்தே தெளிவாகப் பார்த்ததில்லை. எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் தெரியும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். ஓடினாள், எழுதினாள், வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். எல்லா வேலையையும் வலக்கண் பார்த்துக்கொண்டது.

சோம்பேறிக் கண் என்று இதைச் சொல்கிறோம். மருத்துவப் பெயர் ஆம்ப்ளியோபியா. எனக்கு அந்தத் தமிழ்ப் பெயர் பிடிப்பதில்லை. குழந்தை ஏதோ சோம்பிக் கிடக்கிறது என்பதுபோல் ஒலிக்கிறது. கண் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே இருக்கும். ஒரு கண்ணிலிருந்து மங்கலான படமே வந்துகொண்டிருந்தால், மூளை அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகளுக்கு இந்தக் குறை இருக்கிறது. மாறுகண் இருந்தால் பெற்றோர் கண்ணில் படும். இமை தொங்கினாலும் படும். இரண்டு கண்களுக்கும் பவர் வித்தியாசம் என்றால் வெளியிலிருந்து எதுவுமே தெரியாது. இந்தச் சிறுமிக்கு வலக்கண்ணில் ஒன்று, இடக்கண்ணில் ஐந்து. இரண்டும் தூரப்பார்வைப் பவர்.

மூளை இப்படி ஒரு கண்ணை ஒதுக்கும் என்பது டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளில் செய்த ஆய்வுகளால் தெளிவாகியது. பிறந்த சில நாள்களில் ஒரு கண்ணின் இமையைத் தைத்து மூடி, சில வாரங்கள் கழித்துத் திறந்தார்கள். கண்ணில் குறையில்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் பெரும்பாலான செல்கள் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்வதையே விட்டுவிட்டிருந்தன. வளர்ந்த பூனையின் கண்ணை எத்தனை மாதம் மூடினாலும் இப்படி ஆகவில்லை. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஆய்வின் நிழலில்தான் 'ஏழு வயதுக்கு மேல் பயனில்லை' என்ற பேச்சு பரவியது. சிறுமியின் அப்பாவும் அன்று மாலைக்குள் அதை எங்கோ படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது. அவருக்கு நான் சொன்னது 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றி. ஏழு முதல் பதினேழு வயதுவரை உள்ள 507 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களில், கண்ணாடியோடு, நல்ல கண்ணை மூடும் ஒட்டையும் அதை மங்கலாக்கும் சொட்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது 53 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். கண்ணாடி மட்டும் போட்டவர்களில் அது 25 சதவீதம். சீக்கிரம் தொடங்குவது நல்லது என்பதில் மாற்றமில்லை. ஆனால் ஏழு வயதில் கதவு அடைபடுவதில்லை. இன்றும் அப்படிச் சொல்லிக் குழந்தையைத் திருப்பி அனுப்புபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அந்த ஆய்வைச் செய்தது பெடிக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் குழந்தைக் கண்நோய் ஆய்வாளர் குழு. அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவன நிதியில் 1997இல் தொடங்கிய கூட்டமைப்பு. நான் சீட்டில் எழுதுவதை இந்தக் குழுவின் முடிவுகளைப்போல் வேறெதுவும் மாற்றியதில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் நல்ல கண்ணை நாள் முழுவதும் மூடி ஒட்டச் சொல்லி எழுதுவேன். எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். அடுத்த முறை வரும்போது அம்மாவின் கையில் கீறல் இருக்கும், குழந்தையின் கன்னத்தில் ஒட்டுப் பசையின் சிவப்புத் தடம் இருக்கும். 'கழற்றி எறிந்துவிடுகிறான்' என்று குற்றவுணர்வோடு சொல்வார்கள். நானும் கண்டிப்பேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. 2003இல் 189 குழந்தைகளிடம் ஓர் ஒப்பீடு: மிதமான குறை உள்ளவர்களில் பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஒட்டு, மீதிப் பேருக்கு இரண்டே மணி நேரம். நான்கு மாதம் கழித்து இரு சாராருக்கும் ஒரே அளவு முன்னேற்றம். கடுமையான குறையில் ஆறு மணி நேரமும் நாள் முழுவதும் ஒட்டுவதும் ஒன்றாகவே இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு 419 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஒட்டுக்குப் பதிலாக நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அதைத் தற்காலிகமாக மங்கலாக்கினாலும் ஆறு மாதத்தில் ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது. வார இறுதியில் மட்டும் விட்டாலும் போதும் என்று பின்னால் தெரிந்தது. ஒட்டைப் பார்த்தாலே அலறும் குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது 2006இல் வந்த ஒரு சிறிய ஆய்வு. வெறும் 84 குழந்தைகள், எல்லாருக்கும் பவர் வித்தியாசத்தால் வந்த குறை. ஒட்டு இல்லை, மருந்து இல்லை. சரியான கண்ணாடி மட்டும். 77 சதவீதம் பேருக்கு இரண்டு வரிகளோ அதற்கு மேலோ முன்னேற்றம். 27 சதவீதம் பேருக்குக் குறையே தீர்ந்துவிட்டது. அவர்கள் மூன்றிலிருந்து ஏழு வயதுக்கு உட்பட்டவர்கள், நம் சிறுமியைவிடச் சிறியவர்கள். இருந்தாலும் அவளுக்கும் கண்ணாடியில்தான் தொடங்கினேன். பதினாறு வாரத்தில் 6/36 என்பது 6/24 ஆனது. அதற்குப் பிறகுதான் தினமும் இரண்டு மணி நேரம் ஒட்டு. அந்த நேரத்தில் படம் வரைவாள்.

அந்தக் கண்ணாடி சரியானதாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு. குழந்தையின் கண் தன் பவரை உள்ளுக்குள்ளேயே மாற்றிக்கொண்டு இயந்திரத்தை ஏமாற்றும். கண்பாவையை விரித்து, இந்த மாற்றத்தையும் நிறுத்திவைக்கும் சொட்டு மருந்து விட்டுச் சோதித்தால்தான் உண்மை வெளிவரும். கண் கூசும், சில மணி நேரம் கிட்டத்தில் படிக்க முடியாது, குழந்தை அழும். அதற்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

விளையாட்டுச் செயலிகளால் சரியாகிவிடும் என்ற விளம்பரங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். 2016இல் வந்த பெடிக் ஆய்வில், இரு கண்களுக்கும் வேறு வேறு படம் காட்டும் டேப்லெட் விளையாட்டை 385 குழந்தைகளிடம் ஒட்டோடு ஒப்பிட்டார்கள். ஒட்டுக்கு ஈடானது என்று நிரூபிக்க முடியவில்லை. சொன்ன நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் விளையாடிய குழந்தைகள் கால் பங்குக்கும் குறைவு. மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் விளையாட்டும் வீட்டுப்பாடமாகிவிடும்போல.

சோம்பேறிக் கண்ணுக்குச் சில வாரங்கள் தாமதமானாலும் ஈடுகட்டலாம். கருமணியில் வெண்மை தெரிந்தால் அப்படியில்லை. புகைப்படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் மின்னுகிறதா? கேமராவின் கோணத்தாலும் அப்படி வரலாம். அதை முடிவு செய்வது உங்கள் வேலை அல்ல, என் வேலை. அந்த வாரத்திலேயே காட்டுங்கள். பிறவிக் கண்புரையாக இருந்தால், ஒரு கண்ணில் மட்டும் வந்ததைப் பிறந்த ஆறு வாரத்துக்குள் அகற்றுவதே நல்ல பார்வைக்கு வழி. ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாக இருந்தால் உயிரே பணயம். பதினைந்திலிருந்து இருபதாயிரம் பிறப்புகளில் ஒன்றுக்குத்தான் வரும். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆல்ஃபிரட் நட்ஸன் 1971இல் வெறும் 48 நோயாளிகளின் குறிப்புகளை வைத்தே, ஒரு செல்லின் மரபணுவில் இரண்டு முறை அடி விழுந்தால்தான், அதாவது இரண்டு முறை பழுது ஏற்பட்டால்தான், இந்தப் புற்று தொடங்கும் என்று கணித்தார். முதல் அடி பரம்பரையாக வந்திருக்கலாம். உடன்பிறந்தவர்களையும் அழைத்து வாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தையின் விழித்திரையில் ரத்த நாளங்கள் முழுமையாக வளர்ந்திருக்காது. பிறந்து ஒரு மாதத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை வேண்டுமா என்று வீட்டுக்கு அனுப்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சில வாரங்கள் தள்ளிப்போனாலும் லேசர் சிகிச்சைக்கான நேரம் கடந்துவிடக்கூடும்.

கிட்டப்பார்வையைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும். ஒன்று மட்டும். சீனாவின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு பள்ளிகளில் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. முதல் வகுப்புக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்க வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் மற்றவர்களில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, இவர்களில் 30.4 சதவீதம். கிட்டப்பார்வை கூடுவதைக் குறைக்கத் தரப்படும் 0.01 சதவீத அட்ரோபின் சொட்டைப் பற்றி மட்டும் எனக்கு முன்பிருந்த உற்சாகம் இல்லை. 2019இல் ஹாங்காங் ஆய்வில் 0.05 சதவீதமே நன்றாக வேலை செய்தது. 2023இல் அமெரிக்கக் குழந்தைகளிடம் 0.01க்கும் மருந்தில்லாத சொட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய சோதனை எளிது. குழந்தைக்குப் பிடித்த எதையாவது சற்றுத் தொலைவில் காட்டிக்கொண்டே ஒரு கண்ணை மூடுங்கள். உங்கள் உள்ளங்கையால் மூட வேண்டும். குழந்தையின் விரல்களை நம்பாதீர்கள். பிறகு மற்றக் கண். கைக்குழந்தையானால், ஒரு குறிப்பிட்ட கண்ணை மூடும்போது மட்டும் சிணுங்குகிறதா, கையைத் தள்ளுகிறதா என்று பாருங்கள். இரண்டு கண்களுக்கும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் கொஞ்சம் நிம்மதி. ஆனாலும் மூன்று, நான்கு வயதில் ஒரு முறை முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். புகார் இருக்க வேண்டிய அவசியமில்லை.

அந்தச் சிறுமி ஓராண்டில் 6/12 வரை வந்துவிட்டாள். ஒட்டும் நேரத்தை மெல்லக் குறைத்து, போன மாதம் நிறுத்தினேன். கண்ணாடி தொடர்கிறது. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னபோது, "இனி எதற்கு டாக்டர்?" என்று கேட்டார் அம்மா. சிகிச்சையை நிறுத்திய ஓராண்டுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குப் பார்வை மறுபடி இறங்குகிறது என்று சொல்லி, தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். இறங்கினாலும் அவள் சொல்ல மாட்டாள்.