ஆர்.என்.ஏ. திருத்தம்: சொல் விளக்கம்

டி.என்.ஏ.விலுள்ள மரபுச் செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்ட பின்னர், அந்தப் படியில் மட்டும் சில எழுத்துகள் (ஏ, சி, ஜி, யு எனக் குறிக்கப்படும் வேதி அலகுகள்) சேர்க்கப்படுவதையோ நீக்கப்படுவதையோ வேறெழுத்தாக மாற்றப்படுவதையோ ‘ஆர்.என்.ஏ. எடிட்டிங்’ என்பர். மூலச் சுவடியான டி.என்.ஏ. அப்படியே இருப்பதால், கிரிஸ்பர் முறையில் மரபணுவையே மாற்றுவதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. படியின் இடையிலுள்ள பகுதிகளை வெட்டி நீக்கி எஞ்சியவற்றை இணைக்கும் செயலும் வேறு.

இச்சொல் 1986இல் பிறந்தது. ஆம்ஸ்டர்டாமில் ராப் பென்னேயும் அவருடைய குழுவினரும், ஆப்பிரிக்க உறக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோம் வகை ஒட்டுண்ணிகளின் மைட்டோகாண்டிரியாவை ஆராய்ந்தபோது, மரபணுவில் ஈடு இல்லாத நான்கு ‘யு’ எழுத்துகள் ஆர்.என்.ஏ.வில் இருப்பதைக் கண்டனர். அந்த நான்கும் இல்லாவிட்டால் மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் வரிசை பிறழ்ந்து, உரிய புரதம் உருவாகாது.

மறு ஆண்டே மனித உடலிலிருந்து இன்னொரு சான்று கிடைத்தது. கொழுப்பைச் சுமந்து செல்லும் அபோலிப்போபுரதம் பி, கல்லீரலில் 4,536 அமினோ அமிலங்களுடன் முழு நீளத்தில் உருவாகிறது. சிறுகுடலிலோ ஒரு நொதி, ‘சிஏஏ’ என்னும் மூவெழுத்தின் முதலெழுத்தை ‘யு’ ஆக்கிவிட, அது ‘யுஏஏ’ என்னும் நிறுத்தக் குறியாகி, புரதம் 2,152 அமினோ அமிலங்களோடு முடிந்துவிடுகிறது. மரபணு ஒன்றே, ஓர் எழுத்து மாறியதால் புரதம் இரண்டு. விலங்குகளில் மிகுதியாகக் காணப்படும் வகையில், ‘ஏ’ எழுத்தான அடினோசின், இனோசின் என்னும் வேறோர் அலகாக மாறுகிறது. உயிரணு அதை ‘ஜி’ என்றே படிக்கிறது. மூளையில் நரம்புச் செய்தி கடத்தும் குளூட்டமேட்டை ஏற்கும் புரதம் (ஏற்பி) ஒன்றில் நிகழும் இத்தகைய மாற்றம், நரம்பணுவுக்குள் கால்சியம் அளவின்றிப் புகாமல் காக்கிறது.

இனி, தமிழ்ச்சொல். ‘எடிட்’ என்பதன் வேர், வெளியிடுதல் என்று பொருள்படும் இலத்தீன் வினை. அவ்வழியில் நெருங்கியது ‘பதிப்பித்தல்’. ஆனால் உயிரணு எதையும் பதிப்பிப்பதில்லை. கணினித் திரையில் பழகிப்போன ‘தொகுத்தல்’, சிதறியவற்றை ஒன்றுசேர்த்தலைக் குறிப்பதால், வெட்டி இணைக்கும் செயலுக்கே ஓரளவு பொருந்தும். எஞ்சுவது ‘திருத்தம்’. பிழை இருந்தால்தானே திருத்த வேண்டும், சிறுகுடலில் என்ன பிழை என்று கேட்கலாம். நிலம் திருத்துவதும் முடி திருத்துவதும் பிழை களைவதற்காக அல்ல. இருப்பதைத் தேவைக்கேற்பச் செப்பனிடுவதும் அச்சொல்லின் பழம்பொருளே. ஆகவே ஒட்டுண்ணிக்கும் குடலுக்கும் அது ஒருங்கே பொருந்துகிறது.

திருத்தத்தின் வகைகளுக்கும் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. புணர்ச்சி விகாரம் மூன்று என்று தமிழ் இலக்கணம் வகுத்த தோன்றல், திரிதல், கெடுதல் ஆகியவை அப்படியே கைகொடுக்கின்றன. டிரிப்பனோசோமில் ‘யு’ புதிதாக வருவது தோன்றல். சிறுகுடலில் ‘சி’, ‘யு’ ஆவது திரிதல். அதே ஒட்டுண்ணியின் வேறு சில படிகளில் ‘யு’ நீக்கப்படுவது கெடுதல். இவற்றைச் செய்யும் நொதிகளைத் ‘திருத்து நொதிகள்’ என்றும், ஒட்டுண்ணியில் திருத்த வேண்டிய இடத்தைக் காட்டும் சிறு ஆர்.என்.ஏ.க்களை ‘வழிகாட்டி ஆர்.என்.ஏ.’ என்றும் வழங்கலாம்.