அவகேடோ: எடை போட்ட விலை வேறு, தின்ற விலை வேறு

அவகேடோ வாங்கலாமா, கொடுக்கிற காசுக்கு அதில் சத்து இருக்கிறதா என்பது உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. ஒரே சொல்லில் பதில் கிடையாது. எந்தப் பருவத்தில், எந்த முற்றலில், எத்தனை பழம், யாருக்காக என்று பார்த்தால்தான் கணக்கு நேராகும். பணம் பெரும்பாலும் கைவிட்டுப் போவது இரண்டு இடத்தில்: வெம்பல் காயைப் பழமென்று நம்பி வாங்குவது, நல்ல பழத்தை வாங்கி வந்து வீட்டில் அழுகவிடுவது.

முதலில் எடைக் கணக்கு. கனியும்போது தோல் கறுக்கும் ஹாஸ் ரகத்தில் மொத்த எடையில் சுமார் 70 சதவீதம் சதை. 250 கிராம் பழத்தில் தின்னக் கிடைப்பது 175 கிராம். கொட்டை பெருத்த ரகங்களில் இது 60 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். ஆகவே கிலோ விலையை 0.7 ஆலோ 0.6 ஆலோ வகுத்தால் வருவதுதான் சதையின் உண்மையான விலை. மலிவாகத் தெரியும் பெரிய பழம் இந்தக் கணக்கில் பல சமயம் தோற்றுப்போகும். வீணாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதம் தள்ளுபடி என்று நான்கு பழம் வாங்கி ஒன்றைக் குப்பையில் போட்டால், தின்ற மூன்றுக்கு நீங்கள் கொடுத்தது சாதாரண விலையைவிட 20 சதவீதம் அதிகம்.

ஒருவர், இருவர் உள்ள வீட்டுக்குச் சின்னப் பழமே லாபம். நறுக்கிய பாதியை எடுத்து வைக்கிற தொல்லையே இருக்காது.

விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பதற்குக் காரணம் மரத்திலேயே இருக்கிறது. லட்சக்கணக்கில் பூத்தாலும் ஆயிரத்தில் ஒரு பூகூடக் காயாக நிற்காது. பூக்கும் நேரத்தில் குளிரோ கடும் வெயிலோ அடித்தால் அதுவும் போச்சு. ஒரு வருஷம் கொத்துக்கொத்தாகக் காய்த்த மரம் மறு வருஷம் ஓய்ந்துபோகும். தட்டுப்பாடு வந்தால் உடனே நட்டுச் சமாளிக்கவும் முடியாது. ஒட்டுக்கன்று காய்ப்புக்கு வர மூன்று நான்கு ஆண்டு ஆகும், கொட்டை போட்டு முளைத்த கன்றுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வேரடியில் தண்ணீர் தேங்கினால் பைட்டாப்தோரா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர் வேரை அழுகவைத்து வளர்ந்த மரத்தையே காய வைத்துவிடும்.

வாங்குகிறவருக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. அவகேடோ மரத்தில் பழுப்பதில்லை. முற்றும், முற்றியபடியே தொங்கும். பறித்த பிறகுதான் கனியும். ஹாஸ் போன்ற ரகங்களை முற்றிய பிறகும் பல வாரங்கள் மரத்திலேயே விட்டுவைக்கலாம். விலை இறங்கினால் விவசாயி பறிக்காமல் காத்திருக்க இது வசதி. விலை உச்சத்தில் இருந்தால் முற்றாததையே அவசரமாகப் பறிக்கவும் இதுவே தூண்டுகிறது. சீசன் தொடக்கத்தில் விலையும் அதிகம், பழமும் மோசம் என்ற நிலை அப்படித்தான் வருகிறது. வரத்து பெருகி விலை சற்றுத் தணியும் நடு சீசன்தான் வாங்க ஏற்ற காலம்.

கடையில் வருஷம் முழுக்கக் கிடைப்பதைப் பார்த்து எல்லா மாதமும் சீசன் என்று எண்ணிவிட வேண்டாம். மெக்சிகோவின் மிச்சோகான் மாநிலத்தில் உயரத்துக்கு உயரம் தோட்டங்கள் வெவ்வேறு மாதங்களில் பூப்பதால் அங்கே ஆண்டு முழுவதும் அறுவடை உண்டு. பெருவின் பெரிய வரத்து ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் வாக்கில் வடியும். கலிஃபோர்னியாவுக்கு வசந்தமும் கோடையும். ஸ்பெயின், இஸ்ரேல் பழங்களுக்குக் குளிர்காலம். ஒரு நாட்டு வரத்து முடிந்து அடுத்த நாட்டுச் சரக்கு நுழையும் இடைவெளியில் விலை துள்ளும். புதிதாக வந்திறங்குவது முதல் பறிப்பு என்பதால் அப்போது வெம்பலும் கூடும்.

வெம்பலைக் கண்டுபிடிப்பது எப்படி

தோட்டத்துக்காரர்கள் உலர்பொருள் அளவை வைத்துத்தான் முற்றலைத் தீர்மானிக்கிறார்கள். பத்து கிராம் சதையைத் துருவி, ஈரம் முழுக்கப் போகும்வரை காயவைத்து, திரும்ப எடை போடுவார்கள். ஹாஸில் குறைந்தது 2.1 கிராமாவது மிஞ்ச வேண்டும், அதாவது 21 சதவீதம். உலர்பொருள் ஏற ஏற எண்ணெய்ச் சத்தும் ஏறும். 21 சதவீதத்துக்குக் கீழே பறித்த காய் ஒழுங்காகப் பழுக்காது. காம்புப் பக்கம் சுருங்கி, ரப்பர் மாதிரி இழுபட்டு, தண்ணீர்ச் சுவையோடு கடைசியில் அழுகும்.

வாங்குகிறவருக்குத் தராசு வேண்டாம், கொட்டையின் தோலைப் பார்த்தாலே போதும். முற்றிய பழத்தில் அது காகிதம்போல மெலிந்து, காய்ந்து, கரும்பழுப்பாக இருக்கும். முற்றாததில் தடித்து, வெளிறி, ஈரமாகச் சதையோடு ஒட்டிக்கிடக்கும். எனவே சீசன் தொடக்கத்தில் கிலோ கணக்கில் அள்ள வேண்டாம். ஒன்றை மட்டும் வாங்கி, பழுக்க வைத்து அறுத்துப் பாருங்கள். கொட்டைத் தோல் கரும்பழுப்பாக இருந்தால் அதே சரக்கில் கூடுதலாக வாங்கலாம்.

நிறத்தை நம்பாதீர்கள். ஹாஸ் கனியும்போது கறுக்கும், ஆனால் சீசன் கடைசியில் மரத்தில் இருக்கும்போதே கறுத்துவிடுவதும் உண்டு. பச்சைத் தோல் ரகங்களோ கனிந்த பிறகும் பச்சையாகவே இருக்கும். பழத்தை உள்ளங்கையில் வைத்து முழுக் கையாலும் லேசாக அழுத்துங்கள். மெல்ல விட்டுக்கொடுத்தால் அன்றோ மறுநாளோ தின்னலாம். கட்டைவிரலால் குத்திப் பார்ப்பது மகா கெடுதல். குத்திய இடம் அப்போது ஒன்றும் காட்டாது, ஓரிரு நாளில் உள்ளே கறுத்துக் கன்றிப்போகும். பலர் குத்திவிட்டுப் போன பழத்தைத்தான் நாம் வாங்கி வந்து, அறுத்துப் பார்த்து நொந்துகொள்கிறோம். காம்புக் குமிழைப் பிய்த்து அடியில் நிறம் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். அந்தத் துளை வழியாகத்தான் அழுகல் சுலபமாக நுழைகிறது. குழிந்த கரும்புள்ளி உள்ளதை ஒதுக்குங்கள்.

தின்ன ஒன்று, கெட்டியாக இரண்டு என்று வாங்குவதே பாதுகாப்பு. மூன்றையும் ஒரே பதத்தில் வாங்கினால் மூன்றும் ஒரே நாளில் கனிந்து நிற்கும்.

வீட்டில் கெடுவது எங்கே

கெட்டிக் காய் பழுக்க 18 முதல் 20 டிகிரி வெப்பம் ஏற்றது. காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு மூடினால் அது விடும் எத்திலீன் வாயுவில் சீக்கிரம் கனியும். 30 டிகிரிக்கு மேல் போனால் ஒரு பக்கம் கனிந்து, ஒரு பக்கம் கெட்டியாக நிற்கும். அடுப்புக்குப் பக்கத்திலோ வெயில்படும் ஜன்னலிலோ வைக்காதீர்கள். கனியாத காயைக் குளிர்பெட்டியில் நாள்கணக்கில் வைப்பதும் தப்பு, சதை சாம்பல் நிறமாகி ருசி கெடும். முதலில் வெளியே கனியட்டும். அழுத்தினால் விட்டுக்கொடுக்கும் பதம் வந்ததும் உள்ளே வைத்தால் மேலும் இரண்டு மூன்று நாள் தாங்கும். மைக்ரோவேவில் வைத்துப் பழுக்கவைப்பதாகச் சொல்கிறார்களே, அது வேகவைப்பது, பழுக்கவைப்பதல்ல.

முழுப் பழத்தைத் தண்ணீரில் மூழ்கவைத்துக் குளிர்பெட்டியில் வைக்கும் உத்தியைக் கண்டிப்பாக விட்டுவிடுங்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்த தோல் மாதிரிகளில் 17 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் லிஸ்டீரியா கிருமி இருந்தது. தண்ணீரில் கிடக்கும்போது அது பெருக வழி உண்டு. தோலை உரித்து எறியத்தான் போகிறோம் என்றாலும் அறுக்கும்முன் தேய்த்துக் கழுவ வேண்டும், கத்தி தோலிலிருந்து சதைக்குள் கிருமியை இழுத்துச் செல்லும். கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் இதில் அலட்சியம் கூடாது.

மிஞ்சிய பாதியில் கொட்டையை விட்டுவைத்தால் கறுக்காது என்பது பாதிதான் உண்மை. கொட்டை மூடிய இடத்துக்குக் காற்று போகாது, அவ்வளவே. எலுமிச்சைச் சாறு தடவி, பிளாஸ்டிக் உறையைச் சதைமேல் ஒட்டும்படி போர்த்தி, மறுநாளுக்குள் தின்றுவிடுங்கள். மேலே லேசாகப் பழுப்பு நிறம் வந்தால் சுரண்டிவிட்டுச் சாப்பிடலாம். நிறைய கனிந்துவிட்டால் மசித்து, எலுமிச்சைச் சாறு கலந்து உறையவைக்கலாம். துண்டுகளாக உறையவைத்தால் கரையும்போது நீர்விட்டுக் கூழாகும்.

சத்துக்காக வாங்கலாமா

100 கிராம் சதையில் 160 கலோரி, 15 கிராம் கொழுப்பு, அதில் 10 கிராம் நல்ல கொழுப்பு எனப்படும் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு, நார்ச்சத்து 7 கிராம், பொட்டாசியம் 485 மில்லிகிராம். சர்க்கரை ஒரு கிராம்கூட இல்லை. புரதம் வெறும் 2 கிராம், ஆகவே புரதத்துக்காக இதை வாங்குவதில் அர்த்தமில்லை. நல்ல கொழுப்பு மட்டுமே தேவையென்றால் வேர்க்கடலை அதை மிகக் குறைந்த செலவில் தரும், புரதத்தையும் சேர்த்து.

தொப்பை கரையும் என்ற நம்பிக்கைக்கு 2022-இல் வெளியான ஆய்வு பதில் சொல்லிவிட்டது. இடுப்புச் சுற்றளவு கூடிய ஆயிரம் பேரில் ஒரு பாதியினர் ஆறு மாதம் தினமும் ஒரு பழம் தின்றார்கள். வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை, கெட்ட கொலஸ்ட்ரால் மட்டும் சற்றே இறங்கியது. வெண்ணெய், மயோனைஸ் பூசும் இடத்தில் இதைப் பூசினால் பலன் உண்டு. வழக்கமாகத் தின்பதோடு இதையும் சேர்த்தால் ஒரு பழத்துக்கு 250 கலோரிக்கு மேல் கூடும், சர்க்கரையும் பாலும் சேர்த்து மில்க்‌ஷேக்காக அடித்தால் அதற்கும் மேலே.

சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் தின்னும் அளவைத் திடீரென்று மாற்றக் கூடாது. ரப்பர் கையுறை ஒவ்வாமை உள்ள சிலருக்கு அவகேடோவும் ஒத்துக்கொள்ளாது, வாயில் அரிப்போ உதட்டில் வீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கொட்டையைப் பொடித்துக் குடிக்கும் வைத்தியம் வேண்டாம், அது பாதுகாப்பானதென்று நிரூபணமாகவில்லை. மீந்த சதையையும் தோலையும் கிளிக்கோ முயலுக்கோ ஆட்டுக்கோ போடாதீர்கள். அதிலுள்ள பெர்சின் என்ற பொருள் அவற்றுக்கு நஞ்சு, சின்னப் பறவைகள் செத்தே போகும்.